தவறான விடையின் தோற்றத்தைக் கொண்டு பிழையைப் பிடித்தல்: சதவீத இயைபும் எளிய விகித வாய்ப்பாடும்

தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் மாலை வகுப்புக்கு வரும் பதினோராம் வகுப்பு மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்தும்போது, சதவீத இயைபுக் கணக்கில் வழிமுறையே தெரியாமல் தவறு செய்தவர்களை மிக அரிதாகவே காண்கிறேன். பெரும்பாலோர் தெரிந்த வழியில் ஓர் அடி பிசகுகிறார்கள். பிசகிய இடம் தெரியாததால் முழுக் கணக்கையும் அடித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, பல வேளைகளில் அதே இடத்தில் மீண்டும் பிசகுகிறார்கள். ஆனால் இந்தக் கணக்குகளில் ஒவ்வொரு பிழையும் விடையில் தனக்கே உரிய ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. அந்தத் தடயத்தைப் படிக்கத் தெரிந்தால் பிசகிய வரியை நேராகச் சென்று தொட்டுவிடலாம்.

வழிமுறையை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். ஒரு சேர்மத்தில் ஒரு தனிமத்தின் மொத்த நிறையை அந்தச் சேர்மத்தின் மோலார் நிறையால் (வாய்ப்பாட்டில் உள்ள எல்லா அணுக்களின் நிறைகளையும் கூட்டினால் வருவது) வகுத்து 100-ஆல் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். எதிர்த் திசையில், ஒவ்வொரு சதவீதத்தையும் அந்தத் தனிமத்தின் அணு நிறையால் வகுத்து, கிடைக்கும் மோல் எண்ணிக்கைகளை அவற்றுள் மிகச் சிறியதால் வகுத்து, முழு எண்களாக்கினால், அணுக்களின் மிகச் சிறிய முழு எண் விகிதத்தைக் காட்டும் எளிய விகித வாய்ப்பாடு கிடைக்கும். கீழே வரும் அறிகுறிகள் அனைத்தும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்தான் தோன்றுகின்றன.

அறிகுறி: சதவீதங்களைக் கூட்டினால் 100 வரவில்லை

99.9 அல்லது 100.1 வந்தால் கவலை வேண்டாம். அது தசமங்களைச் சுருக்கியதால் வந்தது. 89 என்றோ 116 என்றோ வந்தால் மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் வெவ்வேறு கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன என்று பொருள். அம்மோனியம் சல்பேட்டை, (NH₄)₂SO₄, எடுத்துக்கொள்வோம். அதில் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, சல்பர் 1, ஆக்சிஜன் 4. மோலார் நிறை 132. ஒரு மாணவர் மோலார் நிறையைச் சரியாக எழுதிவிட்டு, நைட்ரஜனின் சதவீதத்தைக் காணும்போது அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2-ஐ மறந்து 14-ஐ மட்டும் 132-ஆல் வகுத்தால் 10.61 கிடைக்கும். ஹைட்ரஜன் 6.06, சல்பர் 24.24, ஆக்சிஜன் 48.48 ஆகியவற்றோடு அதைக் கூட்டினால் 89.39.

குறையும் 10.61-ஐ அப்படியே விட்டுவிடாமல் மோலார் நிறையால் பெருக்கி 100-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 14. காணாமல் போனது ஒரு நைட்ரஜன் அணு என்பதை அந்தக் குறையே சொல்லிவிடுகிறது. கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும்போதும் இதே வழி பயன்படும். அப்போது தவறு பெரும்பாலும் மோலார் நிறையில் இருக்கும். மேல் எண்களைச் சரியாக எழுதி, கீழே 132-க்குப் பதிலாக 114 எழுதியவருக்குக் கூட்டுத்தொகை 115.8 வரும். மிகையான 15.8-ஐ 114-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 18 கிடைக்கும். 18 என்பது ஓர் அம்மோனியம் தொகுதியின் நிறை.

அறிகுறி: கூட்டுத்தொகை சரியாக 100, ஆனால் விடை தவறு

இது முந்தையதைவிட ஆபத்தானது. மாணவர் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். மேலேயும் கீழேயும் ஒரே தவற்றைச் செய்தால் கூட்டுத்தொகை எப்போதும் 100 தான் வரும். அம்மோனியம் சல்பேட்டில் ஓர் அம்மோனியத்தை இரண்டு இடங்களிலும் விட்டுவிட்டால் நைட்ரஜன் 12.28, ஹைட்ரஜன் 3.51, சல்பர் 28.07, ஆக்சிஜன் 56.14 என்று வந்து, கூட்டினால் துல்லியமாக 100 ஆகும். ஆகவே கூட்டுத்தொகைச் சோதனை உங்கள் வகுத்தலைச் சரிபார்க்குமே தவிர, அணுக்களை எண்ணியது சரியா என்பதைச் சரிபார்க்காது. அணுக்களின் எண்ணிக்கையைத் தனி வரியில் எழுதி, அதை மட்டும் ஒருமுறை வாய்ப்பாட்டோடு ஒப்பிடுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, இன்னும் நுட்பமான பிழை ஒன்று உண்டு: அணு நிறைக்குப் பதிலாக அணு எண்ணை எழுதுவது. கார்பன் டை ஆக்சைடில் கார்பனின் சதவீதத்தை அணு எண்களால் கணக்கிட்டால் 6-ஐ 22-ஆல் வகுக்க 27.27 வரும். சரியான முறையில் 12-ஐ 44-ஆல் வகுத்தாலும் 27.27 தான். சுண்ணாம்புக்கல்லில் கால்சியத்தைக் கணக்கிட்டாலும் இரண்டு வழியிலும் 40 சதவீதமே வரும். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், மெக்னீசியம், சல்பர், கால்சியம் ஆகியவற்றின் அணு நிறை ஏறக்குறைய அணு எண்ணின் இரு மடங்காக இருப்பதால், இந்தத் தனிமங்கள் மட்டுமே உள்ள சேர்மங்களில் இந்தத் தவறு முழு மதிப்பெண்ணையும் வாங்கித் தந்துவிடும். ஹைட்ரஜன் உள்ளே வந்தவுடன் குட்டு உடைந்துவிடும், ஏனெனில் அதன் அணு எண்ணும் அணு நிறையும் 1. யூரியாவில் நைட்ரஜன் 46.67 சதவீதம் வர வேண்டும். அணு எண்ணில் கணக்கிட்டவருக்கு 43.75 வரும், ஹைட்ரஜனோ 6.67-க்குப் பதிலாக 12.5 என்று ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஹைட்ரஜன் இல்லாத கணக்குகள் சரியாகவும் ஹைட்ரஜன் உள்ளவை மட்டும் தவறாகவும் வந்துகொண்டிருந்தால், நீங்கள் ஆவர்த்தன அட்டவணைக் கட்டத்தில் எந்த எண்ணைப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

அறிகுறி: வாய்ப்பாட்டில் ஹைட்ரஜன் ஒன்று, மற்றவை ஆறும் எட்டும்

கார்பன் 40.0, ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3 சதவீதம் உள்ள சேர்மத்துக்கு 6 : 1 : 8 என்ற விகிதம் எழுதப்பட்டிருந்தால், அணு நிறையால் வகுக்கும் படி முழுவதுமாகத் தவறிவிட்டது, சதவீதங்களையே ஒன்றையொன்று வகுத்திருக்கிறார்கள். காசிமேட்டில் நெத்திலி ஒரு கிலோவும் வஞ்சிரம் ஒரு கிலோவும் வாங்கினால் தராசில் இரண்டும் சமம், எண்ணிக்கையில் சமமாகா. வேதி வாய்ப்பாடு கேட்பது எண்ணிக்கையை. 40.0-ஐ 12-ஆலும், 6.7-ஐ 1-ஆலும், 53.3-ஐ 16-ஆலும் வகுத்தால் 3.33, 6.7, 3.33 என்று வந்து, விகிதம் 1 : 2 : 1 ஆகிறது. நிறையில் மிகச் சிறியதாக இருந்த ஹைட்ரஜன் எண்ணிக்கையில் மிகப் பெரியதாகிவிட்டதைக் கவனியுங்கள்.

அதனால்தான் வகுப்பதற்கு மிகச் சிறிய சதவீதத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மிகச் சிறிய மோல் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விகிதத்தில் 1-க்குக் குறைவான எண், எடுத்துக்காட்டாக 0.5 : 1 : 0.5, தோன்றினால் தவறான எண்ணால் வகுத்திருக்கிறீர்கள். கணக்கை அழிக்க வேண்டாம், 0.5-ஆல் மீண்டும் வகுத்தால் போதும்.

அறிகுறி: விகிதத்தில் 1.33, 1.5, 2.67 போன்ற எண்கள்

இந்த இடத்தில்தான் மிக அதிக மதிப்பெண் பறிபோகிறது. 1.02 அல்லது 1.98 வந்தால் அருகிலுள்ள முழு எண்ணை எழுதலாம். 1.33-ஐ 1 என்றோ 1.5-ஐ 2 என்றோ எழுதுவது சுருக்குவது ஆகாது. அது வேறொரு சேர்மத்தை எழுதுவதாகும். தசமப் பகுதி 0.5 என்றால் எல்லா எண்களையும் 2-ஆலும், 0.33 அல்லது 0.67 என்றால் 3-ஆலும், 0.25 அல்லது 0.75 என்றால் 4-ஆலும் பெருக்க வேண்டும்.

மீன்பிடித் துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலிகளில் படியும் துரு நீர் கலந்த கலவை என்பதால் அதை அப்படியே கணக்குக்கு எடுக்க முடியாது. தூய இரும்பு ஆக்சைடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் இரும்பு 69.94, ஆக்சிஜன் 30.06 சதவீதம். இரும்பின் அணு நிறை 55.85, மோல்கள் 1.252, 1.879; விகிதம் 1 : 1.5, அதாவது 2 : 3. மற்றொன்றில் இரும்பு 72.36, ஆக்சிஜன் 27.64, மோல்கள் 1.296, 1.728, விகிதம் 1 : 1.33, அதாவது 3 : 4. இந்த இரண்டாவது சேர்மத்தை 1 : 1 என்று எழுதியவர், அந்த 1 : 1 ஆக்சைடில் இரும்பு 77.73 சதவீதம் இருக்க வேண்டும் என்பதைத் திருப்பிக் கணக்கிட்டுப் பார்த்திருந்தால், கொடுக்கப்பட்ட 72.36-இலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்று உடனே கண்டிருப்பார். கண்டுபிடித்த வாய்ப்பாட்டிலிருந்து மீண்டும் சதவீதத்துக்கு வரும் இந்தச் சோதனை, பதிவில் உள்ள எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான தீர்ப்பு. தேர்வறையில் நேரம் இருந்தால் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

முதல் ஆக்சைடுக்கு 4 : 3 என்ற விடை வந்தால் காரணம் வேறு: ஆக்சிஜனை 16-ஆல் வகுக்காமல், வாயுவாக இருக்கும்போது அது ஈரணு மூலக்கூறு என்ற நினைவில் 32-ஆல் வகுத்துவிட்டார்கள். சேர்மத்துக்குள் நாம் எண்ணுவது அணுக்களை. ஆகவே ஆக்சிஜன், நைட்ரஜன், குளோரின், ஹைட்ரஜன் ஆகிய நான்கில் ஒன்று மட்டும் எதிர்பார்த்ததில் சரிபாதியாக வந்தால் இந்தப் பிழையைத் தேடுங்கள்.

அறிகுறி: விகிதம் எந்தப் பின்னத்துக்கும் பிடிகொடுக்கவில்லை

2.61, 2.44 போன்ற எண்கள் வந்து, எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினாலும் முழு எண்ணாகாமல் நிற்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம் முன்கூட்டியே தசமங்களை வெட்டியது. நம் சமையலறை உருளையில் இருக்கும் எரிவாயுவின் முதன்மைக் கூறுகள் புரப்பேனும் பியூட்டேனும். மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் எண்ணெய் வடிப்பின்போது கிடைக்கும் வாயுக்கள் இவை. புரப்பேனில் கார்பன் 81.71 சதவீதம், பியூட்டேனில் 82.66 சதவீதம். வேறுபாடு ஒரு சதவீதம்கூட இல்லை.

கார்பனுக்கு 12.01, ஹைட்ரஜனுக்கு 1.008 என்று வைத்துக்கொண்டு தசமங்களை விடாமல் வகுத்தால், ஒரு கார்பனுக்குப் புரப்பேனில் 2.67 ஹைட்ரஜன், பியூட்டேனில் 2.50 ஹைட்ரஜன், முறையே 3 : 8, 2 : 5 என்று விகிதங்கள் தெளிவாக வந்துவிடும். சதவீதங்களை முதலிலேயே முழு எண்ணாக்கி, புரப்பேனுக்கு 82, 18 என்று எழுதினால் 2.615 வரும். அதை 2.6 என்று கொண்டு 5-ஆல் பெருக்கியவர் கார்பன் 5, ஹைட்ரஜன் 13 என்று எழுதுவார். கார்பன் அணுக்களின் எண்ணிக்கையை இரட்டித்து இரண்டைக் கூட்டினால் வருவதற்கு மேல் ஹைட்ரஜன் எந்த ஹைட்ரோகார்பனிலும் இருக்க முடியாது. ஐந்து கார்பனுக்கு உச்சம் 12. ஆகவே அப்படி ஒரு சேர்மமே இல்லை என்று விடையைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். பியூட்டேனை 83, 17 என்று சுருக்கியவரின் நிலை இன்னும் மோசம்: 2.44 கிடைக்கும், அதை 2.4 என்று கொண்டால் 5 : 12 ஆகும், அது பென்டேன் என்ற உண்மையான வேறொரு சேர்மம். விடை நம்பத்தக்கதாகத் தோன்றுவதால் யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். கணிப்பான் இல்லாமல் மடக்கை அட்டவணையைக் கொண்டு வகுப்பவர்களும் இடைப்படிகளில் நான்கு இலக்கங்களையாவது வைத்துக்கொண்டு, முழு எண்ணாக்குவதைக் கடைசி வரிக்கு ஒதுக்க வேண்டும்.

அறிகுறி: எரித்த கணக்கில் கார்பனின் நிறை மாதிரியையே மிஞ்சுகிறது

கரிமச் சேர்மத்தை ஆக்சிஜனில் முழுவதுமாக எரித்து, வரும் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் தனித்தனியே உறிஞ்சவைத்து எடைபோடும் முறையை எளிமையாக்கியவர் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் நிரப்பிய ஐந்து குமிழ்க் கண்ணாடிக் கருவியை அவர் 1831-இல் அறிமுகப்படுத்தினார். அக்கருவியில் எடை கூடுவது கார்பன் டை ஆக்சைடின் எடை, கார்பனின் எடையன்று. 0.30 கிராம் சேர்மம் 0.44 கிராம் கார்பன் டை ஆக்சைடையும் 0.18 கிராம் நீரையும் தந்தது என்று கொள்வோம். 0.44-ஐக் கார்பன் என்று எழுதினால் அது ஏறக்குறைய 147 சதவீதம் ஆகிவிடும். அதில் 44-க்கு 12 பங்குதான் கார்பன்; ஆகவே 0.12 கிராம். நீரில் 18-க்கு 2 பங்கு ஹைட்ரஜன், ஆகவே 0.02 கிராம். எஞ்சிய 0.16 கிராம் ஆக்சிஜன். விகிதம் 1 : 2 : 1.

ஆக்சிஜனை எப்போதும் இப்படிக் கழித்தே காண வேண்டும். விளைபொருள்களில் உள்ள ஆக்சிஜனைக் கூட்டியவருக்கு 0.48 கிராம் கிடைக்கும்; எரிக்கச் செலுத்திய ஆக்சிஜனும் அதற்குள் சேர்ந்துவிட்டதால் அதுவும் மாதிரியின் நிறையை மிஞ்சி நிற்கும்.

நீரில் ஹைட்ரஜன் இரண்டு என்பதை மறந்து 18-க்கு 1 என்று கொண்டவரின் பிழை மட்டும் எளிதில் கண்ணில் படாது. கார்பன் 0.12, ஹைட்ரஜன் 0.01, ஆக்சிஜன் 0.17 கிராம் என்று வந்து, விகிதம் 1 : 1 : 1.06 ஆகி, அழகான 1 : 1 : 1 என்று முடிந்துவிடும். இதைப் பிடித்துக்கொடுப்பது அடுத்த படி.

அறிகுறி: மோலார் நிறையை வகுத்தால் முழு எண் வரவில்லை

மூலக்கூறு வாய்ப்பாட்டுக்கு, கொடுக்கப்பட்ட மோலார் நிறையை எளிய விகித வாய்ப்பாட்டின் நிறையால் வகுக்கிறோம். மேற்கண்ட சேர்மத்தின் மோலார் நிறை 60 என்றால், 1 : 2 : 1-இன் நிறையான 30-ஆல் வகுக்க 2 வருகிறது, அது அசிட்டிக் அமிலத்தின் வாய்ப்பாடு. தவறான 1 : 1 : 1-இன் நிறை 29, வகுத்தால் 2.07. இந்த 0.07-ஐப் புறக்கணித்துவிடாதீர்கள். மோலார் நிறையே சோதனையில் அளந்து பெற்ற தோராய எண்ணாக இருந்தால் சிறிது விலகல் இயல்பு. ஆனால் பாடநூல் கணக்கில் எண்கள் சீராகக் கொடுக்கப்பட்டிருக்கும்போது இந்த விலகல் முந்தைய படியில் ஒரு ஹைட்ரஜன் தொலைந்துவிட்டதைக் காட்டுகிறது. பியூட்டேனைப் பென்டேன் என்று எழுதியவருக்கும் 58-ஐ 72-ஆல் வகுக்கும்போது 0.81 வந்து எச்சரிக்கும்.

விடை சரிபாதியாக வந்தால், கணக்கில் கொடுத்தது ஆவி அடர்த்தியா என்று பாருங்கள். அதை 2-ஆல் பெருக்கினால்தான் மோலார் நிறை.

அறிகுறி: மயில்துத்தத்தில் நீர் மூலக்கூறுகள் ஐந்துக்குப் பதிலாக 3.6

ஆய்வகத்தில் மயில்துத்தம் எனும் காப்பர் சல்பேட்டின் நீலப் படிகத்தைக் குரூசிபிளில் சூடேற்றி, எடை குறைவதிலிருந்து படிக நீரைக் காண்பார்கள். மோலார் நிறை 249.5, அதில் நீர் 90, அதாவது 36.07 சதவீதம். 2.50 கிராம் எடுத்தால் 0.90 கிராம் குறைய வேண்டும். 0.72 கிராம் மட்டும் குறைந்து 1.78 கிராம் எஞ்சினால், 0.72-ஐ 18-ஆல் வகுக்க 0.040, 1.78-ஐ நீரற்ற காப்பர் சல்பேட்டின் 159.5-ஆல் வகுக்க 0.0112, விகிதம் ஏறக்குறைய 3.6. கணக்கில் தவறில்லை. ஐந்து நீர் மூலக்கூறுகளில் நான்கு எளிதாக வெளியேறும், கடைசி ஒன்று 200 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் போகும். அது போகாமல் தங்கிவிட்டால் விடை 4 என்று வராமல் 3.6 என்று வருவதற்குக் காரணம், தங்கிய நீரையும் உப்பின் நிறையாகவே நாம் எண்ணிவிடுவதுதான்.

விடை 4.5, 4.8 என்று நின்றால் குளிரவைத்த விதத்தைச் சந்தேகியுங்கள். ராயபுரம், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றின் ஈரப்பதம் அதிகம். நீரற்ற வெண்பொடி திறந்த மேசையில் குளிரும் நேரத்திலேயே நீரை மீண்டும் இழுத்துக்கொண்டு லேசான நீலம் ஏறத் தொடங்கிவிடும். மூடிய டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த கலத்தில்) குளிரவைத்து, அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாகும் வரை சூடேற்றி எடைபோட வேண்டும். விடை 5-ஐத் தாண்டினால் படிகம் முதலிலேயே ஈரமாக இருந்திருக்கலாம், தூள் தெறித்திருக்கலாம். பொடி கறுத்திருந்தால் அளவுக்கு மீறிய வெப்பத்தில் உப்பே சிதைந்து காப்பர் ஆக்சைடு ஆகத் தொடங்கியிருக்கிறது.

அறிகுறி: கணக்கு சரி, உர மூட்டையில் வேறு எண்

மணலியில் யூரியா தயாராகிறது என்பதால் எங்கள் பகுதி மாணவர்கள் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. கணக்கில் நைட்ரஜன் 46.67, மூட்டையில் 46. கணக்கு தூய சேர்மத்துக்கு உரியது. விற்பனைப் பொருளில் சிறிதளவு ஈரமும், தயாரிப்பின்போது உண்டாகும் பையூரெட்டும் இருக்கும். மூட்டையில் அச்சிடுவது உறுதியளிக்கப்படும் குறைந்தபட்ச அளவு.

டிஏபி மூட்டையில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்குமாக உள்ள 18 : 46 வேறு வகை. டை அம்மோனியம் பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் 23.5 சதவீதத்துக்கு மேல் இருக்கவே முடியாது என்று கணக்கிட்டவர் 46-ஐப் பார்த்துத் திகைப்பது நியாயம். உரத் துறையில் பாஸ்பரஸைத் தனிமமாக எழுதுவதில்லை; பாஸ்பரஸ் 2, ஆக்சிஜன் 5 கொண்ட ஆக்சைடாக மாற்றி எழுதுவார்கள். அந்த ஆக்சைடின் நிறை 142, அதில் பாஸ்பரஸ் 62. ஆகவே 46-ஐ 62-ஆல் பெருக்கி 142-ஆல் வகுத்தால் உண்மையான பாஸ்பரஸ் 20.1 சதவீதம். பொட்டாஷ் மூட்டையின் 60 என்பதும் அவ்வாறே பொட்டாசியம் ஆக்சைடாகச் சொல்லப்படுவது. அதை 0.83-ஆல் பெருக்கினால் பொட்டாசியம் 49.8 சதவீதம். தூய பொட்டாசியம் குளோரைடில் 52.4 சதவீதம் இருக்க வேண்டும் என்பதால், அந்த மூட்டையில் இருப்பது ஏறக்குறைய 95 சதவீதத் தூய்மையுள்ள உப்பு.